பூம் நுனியில் ஏழு

எங்கள் ஆபீசுக்கு எதிர்ச்சாரியில் ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் வாசலில், கைப்பிடி உடைந்த பிளாஸ்டிக் நாற்காலியில், மூன்று நாளாக ஒருவன் உட்கார்ந்திருந்தான். ஜெராக்ஸ் எடுக்க வந்தவன் மூன்று நாள் உட்காரமாட்டான். அவன் கையில் ஒரு தாள்கூட இல்லை. என் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தான். நான் ஜன்னல் பக்கம் வந்தால் மட்டும் குனிந்து தன் செருப்பைப் பார்த்தான்.

நான் வக்கீல். கொலை, விவாகரத்து, சொத்துத் தகராறு எதுவும் என்னிடம் வராது. மின் நிலையம், காற்றாலை, அணை, பாலம் இவற்றைக் கட்டுகிறவர்களும் கட்டச் சொன்னவர்களும் முட்டிக்கொண்டால் என்னைத் தேடி வருவார்கள். இருபத்தாறு வருஷமாக இதுதான் பிழைப்பு. இந்த உலகத்தில் யாரும் யாரையும் கத்தியால் குத்துவதில்லை, கடிதத்தால்தான் குத்துவார்கள். ‘தங்கள் மேலான கவனத்திற்கு’ என்று ஆரம்பிக்கும் கடிதத்தை நான் இரண்டு தடவை படிப்பேன், எங்கே குழி வெட்டியிருக்கிறார்கள் என்று பார்க்க. சந்தேகம் என் குணம் இல்லை, தொழில் கருவி. வீட்டில் இதைச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

அப்போது கையில் இருந்தது ஒரு காற்றாலை வழக்கு. ஒரு மலை முகட்டில் இருபத்திரண்டு காற்றாலைகள். கட்டிக்கொடுத்த கம்பெனி என் கட்சிக்காரர். வேலை நூறு நாளுக்கு மேல் தாமதமாகிவிட்டது. அதில் நாற்பத்து மூன்று நாள் காற்று பலமாக அடித்ததால் கிரேனை இயக்க முடியவில்லை, அது எங்கள் குற்றம் இல்லை என்பது எங்கள் வாதம். காற்று வேண்டும் என்றுதானே அந்த மலையைத் தேர்ந்தெடுத்தோம், இப்போது காற்று அடிக்கிறது என்று அழுதால் எப்படி என்று எதிர்த்தரப்பு வக்கீல் முதல் அமர்விலேயே நக்கலடித்தார். கோர்ட்டுக்குப் பதிலாக இரு தரப்பும் சேர்ந்து நியமித்த மூன்று நடுவர்களும் சிரித்தார்கள். நானும் ஒப்புக்குச் சிரித்து வைத்தேன். 

விஷயம் இதுதான். கிரேனின் நீண்ட கைக்குப் பூம் என்று பெயர். அதன் நுனியில் ஒரு சின்னக் காற்று மீட்டர் சுற்றிக்கொண்டிருக்கும். அது வினாடிக்குப் பத்து மீட்டருக்கு மேல் காட்டினால் எதையும் தூக்கக் கூடாது. அந்த எண்ணைத் தினமும் சைட் டைரியில் எழுதுவது சைட் இன்ஜினியரின் வேலை. நாற்பத்து மூன்று நாளுக்கும் எண் இருந்தது. பதினொன்று, பதின்மூன்று, பன்னிரண்டரை. எங்கள் வழக்கே அந்த டைரியின் மேல்தான் நின்றது. எழுதியவர்தான் முதல் சாட்சி. ஆபீசில் அவருக்கு டைரிக்காரர் என்றே பெயர் விழுந்துவிட்டது. இன்னும் இரண்டு வாரத்தில் அவர் நடுவர்கள் முன்னால் சத்தியம் செய்து, இது நான் அன்றன்று எழுதியது என்று சொல்லவேண்டும்.

டைரியின் ஸ்கேன் பிரதி வந்த அன்றே எனக்குப் பிடிக்கவில்லை. அநியாயத்துக்கு ஒழுங்காக இருந்தது. நான் நூற்றுக்கணக்கான சைட் டைரிகளைப் பார்த்தவள். அசல் டைரியில் டீ டம்ளர் வட்டம் இருக்கும். பாதிப் பக்கத்தில் பேனா மாறும். ஓரத்தில் ஜல்லி லாரிக்காரன் போன் நம்பர் இருக்கும். மழை நாளில் இரண்டு கட்டத்தை நிரப்பிவிட்டு மீதியை அப்படியே விட்டிருப்பார்கள். இந்த டைரியில் எண்ணூறு நாளில் ஒரு கட்டம்கூடக் காலி இல்லை. நல்ல பிள்ளையின் கோடு போட்ட நோட்டு மாதிரி இருந்தது. நல்ல பிள்ளைகளைக் கண்டாலே எனக்கு ஆகாது.

மூன்றாம் நாள் அதைப் பிடித்துவிட்டேன். புயல் எச்சரிக்கை வந்ததால் ஆறு நாள் பூமை இறக்கித் தரையில் படுக்க வைத்திருந்தார்கள் என்று டைரியின் ஒரு கட்டம் சொன்னது. அதே பக்கத்தில் இன்னொரு கட்டம், பூம் நுனிக் காற்று பதினாலு என்றது. மறுநாள் பதினாறு. தரையில் படுத்துக்கிடக்கும் பூம் எந்தக் காற்றை அளந்தது? எறும்பு விடும் மூச்சையா? எங்கோ ஒரு அறையில் மின்விசிறிக்குக் கீழே உட்கார்ந்து, எண்ணூறு நாளையும் ஒரே மூச்சில் எழுதித் தள்ளியிருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன். பொய் டைரியை நடுவர்கள் முன் நீட்டியிருந்தால் வழக்கோடு என் பெயரும் போயிருக்கும். டைரிக்காரர் மேல் வந்த கோபத்தில் பென்சிலை முறித்தேன்.

பிறகு ஜன்னல் வழியாக அந்த நாற்காலியைப் பார்த்தேன். எல்லாம் கோத்துக்கொண்டு வந்தது. இவன் எதிர்த்தரப்பு ஆள். டைரிக்காரர் என் ஆபீசுக்கு வருகிறாரா, எத்தனை தடவை வருகிறார், எவ்வளவு நேரம் இருக்கிறார் என்று குறித்துக்கொள்ள வந்திருக்கிறான். நாளைக்கு நடுவர்களிடம், சாட்சிக்கு இந்த அம்மா பாடம் சொல்லிக்கொடுத்தாள் என்பார்கள்.

சாயங்காலம் எங்கள் குமாஸ்தா அவனுக்கு டீ வாங்கிக்கொடுத்ததை என் கண்ணாலேயே பார்த்தேன். குமாஸ்தா என்னிடம் பதினாலு வருஷமாக இருக்கிறார். என் பீரோ சாவி அவரிடம்தான் இருக்கும். அந்த ஒரு டம்ளர் டீயில் பதினாலு வருஷமும் ஆட்டம் கண்டுவிட்டது. கூப்பிட்டு விசாரித்தேன். வெயிலில் உட்கார்ந்திருக்கிறார், பாவம் என்று வாங்கிக்கொடுத்தேன் என்றார். என்ன வேண்டுமாம் என்று கேட்டேன். அதை உங்களிடம்தான் சொல்வாராம், ஆனால் உள்ளே வர பயமாக இருக்கிறதாம் என்றார். நான் அன்று பீரோ சாவியை என் கைப்பையில் போட்டுக்கொண்டு கிளம்பினேன். இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

என் கணவர் பல் டாக்டர். சாப்பிடும்போது எல்லாவற்றையும் அவரிடம் கொட்டினேன். அவர் நிதானமாகக் கேட்டுவிட்டு, “உன்கிட்ட வர்றவங்க வாயை மூடிக்கறாங்க, என்கிட்ட வர்றவங்க திறந்துதான் ஆகணும். அதனாலதான் நான் நிம்மதியா தூங்கறேன்” என்றார். அந்த ஆளைக் கூப்பிட்டுக் கேட்டால் என்ன கெட்டுப்போகும் என்றும் கேட்டார். உங்களுக்கு இந்தத் தொழிலின் நெளிவுசுளிவு தெரியாது என்றேன். தெரியாது என்று அவரும் ஒத்துக்கொண்டார். என்னைப் பார்த்துச் சிரிக்காமல் ஒத்துக்கொண்டதுதான் என்னை உறுத்தியது.

மறுநாள் மதியம் அசல் டைரிகளோடு வரச் சொல்லி டைரிக்காரருக்கு ஆள் அனுப்பினேன். காலையில் குமாஸ்தாவிடம் அந்த ஆளைக் கூட்டிவரச் சொன்னேன். ஒற்றனாக இருந்தால் முகத்துக்கு நேராகக் கிழித்து அனுப்பிவிடுவது என்று தயாராக இருந்தேன்.

அவன் வந்து நின்றான். உட்காரச் சொன்னேன், நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான். நாற்பது வயதிருக்கும். என் மேஜையைப் பார்க்கவில்லை. மேஜையில் விரித்துக்கிடந்த தாள்களை ஒற்றன் பார்க்காமல் இருக்கமாட்டான், அது முதல் இடி. இதுவரை அவன் இவன் என்று எழுதிவிட்டேன், இனி முடியாது.

அவர் அந்த மலையில் கிரேன் ஓட்டியவர். இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு நாள், காற்றாலைக் கம்பத்தின் மூன்றாவது துண்டைத் தூக்கும்போது அது ஆடியது. இருபது ஆள் உயரத்துக்குப் பெரிய இரும்புக் குழாய் அது. அது சுழலாமல் இருக்கக் கீழே நின்று வழிக் கயிறு பிடித்திருந்த பையனை, அதைக் கொண்டுவந்த டிரெய்லரோடு வைத்து நசுக்கிவிட்டது. முழங்காலுக்குக் கீழே ஒரு காலை எடுக்கவேண்டி வந்தது. அந்தப் பையன் இவருடைய மனைவியின் தம்பி. அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டதே இவர்தான். கம்பெனி உரிம வாரியத்துக்கு ஒரு அறிக்கை கொடுத்தது. பூம் நுனிக் காற்று ஏழுதான், அன்றைக்குக் காற்று ஒரு பொருட்டே இல்லை, ஓட்டுநர் அவசரப்பட்டுத் திருப்பியதே காரணம் என்று அதில் இருந்தது. இவருடைய உரிமத்தை நிறுத்தி வைத்துவிட்டார்கள்.

“அந்த மீட்டர் எட்டு நாளா ஓடல மேடம்” என்றார். “செத்துக் கிடந்துச்சு. நான் சொன்னேன். ஆபீஸ்ல ஏழுதான் காட்டுது, தூக்குன்னாங்க. தூக்கினேன். தூக்கியிருக்கக் கூடாது, அது என் தப்பு. அத நான் எங்கயும் இல்லன்னு சொல்லல. ஆனா மேல ஏழுன்னு மீட்டர் காட்டுச்சு, நான்தான் கண்ணுமண்ணு தெரியாம திருப்பினேன்னு எழுதியிருக்காங்க பாருங்க, அது நடக்கல.”

உரிமத்துக்காக வந்தீர்களா என்று கேட்டேன். அதுவும்தான் என்றார். பிறகு, தன் மனைவி அந்த அறிக்கையைப் படித்திருக்கிறாள் என்றார். மச்சினன் அவர் வீட்டில்தான் இருக்கிறான். இரண்டு வருஷமாக ஒரே கூரைக்குக் கீழே மூன்று பேர், இவர் சொல்வதை மற்ற இரண்டு பேரும் நம்பவில்லை. என் தம்பி காலை எடுத்துட்டு ஒரு மீட்டர் மேல பழி போடறாரே என்பது மனைவியின் பேச்சு. டைரி இப்போது உங்கள் ஆபீசில் இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தேன் என்றார்.

“அந்த எட்டு நாள் பக்கத்தை மட்டும் பாருங்க மேடம். எனக்குக் காட்ட வேண்டாம், நீங்களே பாருங்க. மீட்டர் ஓடாத நாள்ல கட்டம் காலியா இருக்கணும். எட்டு நாளும் நம்பர் இருந்துச்சுன்னா அது எங்கிருந்து வந்துச்சுன்னு கேளுங்க. மேல மீட்டர்லேருந்துதான் வந்துச்சுன்னு தெரிஞ்சா நான்தான் பொய்யன், இந்தப் பக்கமே வரமாட்டேன்.”

இதிலும் ஏதாவது கண்ணி இருக்குமோ என்று நான் யோசித்தது உண்மை. எதிர்த்தரப்பே இவரைத் தயார் செய்து அனுப்பியிருந்தால்? என் கட்சிக்காரரின் தாளை வெளியாளுக்குக் காட்ட முடியாது என்று மட்டும் சொன்னேன். புரிகிறது என்று எழுந்து போய், மறுபடி அந்த உடைந்த நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். அவர் சொன்ன தேதி என் நாற்பத்து மூன்று நாளில் இல்லை. கிரேன் அன்று வேலை செய்திருக்கிறதே, அதனால் அந்தப் பக்கத்தை நான் புரட்டியதே இல்லை.

மதியம் டைரிக்காரர் வந்தார். இரண்டு துணிப்பைகளில் ஒன்பது தடித்த நோட்டுகள். மெலிந்த மனிதர், நாற்பதைத் தாண்டாதவர், கண்ணாடியைக் கயிற்றில் கட்டிக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நான் வலை விரித்தேன். புயல் வாரத்தில் பூம் எங்கே இருந்தது என்று சாதாரணமாகக் கேட்டேன். கீழே இறக்கிவிட்டோம் என்று சாதாரணமாகச் சொன்னார். அந்த வாரம் பூம் நுனிக் காற்று பதினாறு என்று எழுதியிருக்கிறதே என்றேன். முகம் வெளுக்கும் என்று காத்திருந்தேன். வெளுக்கவில்லை.

“அது ஆபீஸ் கூரை மேல இருக்கிற மீட்டர்ல பாத்து எழுதினது மேடம்.”

“பூம் நுனிக் கட்டத்துல கூரை மீட்டர் நம்பரை எதுக்கு எழுதணும்?”

“காலியா விட முடியாதே” என்று, நான் ஏதோ கேட்கக் கூடாத கேள்வி கேட்டுவிட்ட மாதிரி என்னைப் பார்த்தார். ஒரு நோட்டை எடுத்து முன் அட்டையைத் திருப்பி என் பக்கம் தள்ளினார். எனக்கு வந்த ஸ்கேன் பிரதியில் பக்கங்கள் மட்டும்தான் இருந்தன, அட்டை இல்லை. அட்டையின் உள்பக்கம் ஒரு பெட்டிக்குள் கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: ‘எந்தக் கட்டமும் காலியாக விடப்படக் கூடாது. காலிக் கட்டம் நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.’

அது என் வாக்கியம். நான்கு வருஷத்துக்கு முன், ஒரு பால வழக்கில் டைரியில் கட்டங்கள் காலியாகக் கிடந்ததால் தோற்றோம். அந்த ஆத்திரத்தில் உட்கார்ந்து கம்பெனிக்குப் பதினொரு பக்கம் அறிவுரை எழுதி அனுப்பினேன். சாட்சி சொல்லும் என்ற அந்த இரண்டாவது வரியை எழுதிவிட்டு என்னை நானே மெச்சிக்கொண்டதுகூட நினைவிருக்கிறது. அவர்கள் பதினொரு பக்கத்தையும் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த இரண்டு வரியை மட்டும் எல்லா சைட் டைரியிலும் அச்சடித்திருக்கிறார்கள். கட்டம் காலியாக இருந்தால் விளக்கம் கேட்டு மெமோ வருமாம். டைரிக்காரர் இதற்கு முந்தைய சைட்டில் ஒரு முறை வாங்கியிருக்கிறார். அதன் பிறகு மீட்டர் பழுதானாலும், பூம் கீழே இருந்தாலும், கிரேனே சைட்டில் இல்லாவிட்டாலும் கிடைத்த எண்ணை எழுதி நிரப்பிவிடுவார். அந்த டைரி ஒரே மூச்சில் எழுதியது இல்லை. அந்த மனிதர் அன்றன்று, பயந்து பயந்து எழுதியது.

நான் ஐந்தாவது நோட்டை எடுத்து ஓட்டுநர் சொன்ன தேதியைத் தேடினேன்.  எட்டு நாளும் எண் இருந்தது. ஆறு, எட்டு, ஆறரை, ஐந்து. எட்டாவது நாள் ஏழு. ‘மீட்டர் பழுது’ என்று எழுத அந்தப் பக்கத்தில் இடமே இல்லை, கட்டம் எண்ணுக்குத்தான் போட்டிருந்தது.

“இதுவும் கூரை மீட்டரா?”

“ஆமா மேடம்.”

“ஆபீஸ் எங்க இருந்துச்சு?”

“கீழ, பள்ளத்துல. சுத்தி கன்டெய்னர். அங்க ஏழுன்னா மேல பதிமூணுகூட இருந்திருக்கலாம்.” கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். அறிக்கையில் அந்த ஏழைப் போட்டபோது ஏன் வாய் திறக்கவில்லை என்று கேட்டேன். “யாரும் கேக்கல. நானா போய்ச் சொல்ல தைரியம் வரல. அந்தப் பையன் கால் போன அன்னைக்கே சொல்லியிருக்கணும். அப்புறம் ஒவ்வொரு நாளும் சொல்றது கஷ்டமாயிட்டே போச்சு.”

அவர் போன பிறகு அரை மணி நேரம் நான் சும்மா உட்கார்ந்திருந்தேன். என் மூளை சும்மா இருக்கவில்லை. ஆறு நாளைக் கழித்துவிட்டு முப்பத்தேழு என்று வாதாடலாம், மீதி நாள்களில் பூம் மேலேதான் இருந்தது, எண்ணும் அதன் நுனியில் பார்த்ததுதான், விபத்து நாள் என் வழக்கிலேயே இல்லை, யாரும் என்னைக் கேட்கவும் போவதில்லை என்று வரிசையாக எடுத்துக்கொடுத்தது. யாரும் கேட்கவில்லை என்று சற்று முன் ஒருவர் சொன்னபோது எனக்கு எவ்வளவு கோபம் வந்தது என்று யோசித்தேன். ஜன்னலுக்கு வெளியே ஓட்டுநர் இன்னும் உட்கார்ந்திருந்தார்.

கம்பெனி முதலாளிக்குப் போன் செய்தேன். டைரி முழுவதற்கும் திருத்தம் கொடுக்கவேண்டும், எந்தெந்த நாள் எண் எங்கே பார்த்து எழுதியது என்று சாட்சி சொல்லவேண்டும், விபத்து நாளும் அதில் அடக்கம் என்றேன். அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு என் மூளை சொன்னதையே அவரும் சொன்னார், ஆறு நாளை விட்டுவிடுங்கள், அந்த ஓட்டுநர் நமக்கு யார் என்று. நான் விடவில்லை. அவர் குரல் இன்னும் மெதுவாகிவிட்டது.

“அந்த விதியை எழுதினது நீங்கதானே மேடம். அதையும் சேத்து சொல்லுவீங்களா?”

“சொல்லுவேன்.”

மறுநாள் காலையில் கடிதம் வந்தது. தங்கள் மேலான கவனத்திற்கு என்று ஆரம்பித்து, வழக்கிலிருந்து என்னை விடுவித்திருந்தார்கள். பதினெட்டு வருஷக் கட்சிக்காரர். இரண்டு தடவை படித்தேன், குழி எதுவும் இல்லை, நேராகவே தள்ளியிருந்தார்கள். குமாஸ்தாவிடம் பீரோ சாவியைத் திருப்பிக் கொடுத்தேன். அவர் அதை வாங்கிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

மூன்று நாள் கழித்து டைரிக்காரர் வந்தார். கையில் ஒரு தாள். எட்டு நாளும் மீட்டர் ஓடவில்லை, ஓட்டுநர் தன்னிடம் சொன்னார், ஏழு என்பது கூரை மீட்டரின் எண், தூக்கச் சொன்னதும் தான்தான் என்று எழுதி, சத்தியப் பத்திரமாகக் கையெழுத்துப் போட்டிருந்தார். ஒரு பிரதி உரிம வாரியத்துக்கு, ஒன்று நடுவர்களுக்கு. இரண்டையும் அவரே நேரில் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். வேலை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். எனக்கு முதலில் தோன்றியது என்ன தெரியுமா? இதை யார் சொல்லிக்கொடுத்து எழுதினீர்கள் என்று கேட்டேன். நாக்கு அப்படிப் பழகிவிட்டது.

“எல்லாத்தையும் யாராவது சொல்லிக்கொடுத்துத்தான் எழுதணுமா மேடம்?” என்றார்.

அந்தத் தாளில் கட்டத்தைக் காலியாக விடாததற்குக் காரணம் ‘கம்பெனி விதி’ என்று மட்டும் இருந்தது. என் பெயர் இல்லை. வேண்டுமென்றே விட்டிருக்கிறார். கட்சிக்காரர் என்னிடம் சொன்ன ரகசியத்தை நான் வெளியே சொல்லக் கூடாது, அது தொழில் தர்மம். ஆனால் அட்டையில் அச்சடித்து ஊரெல்லாம் போன வரி ரகசியம் இல்லை, அது கம்பெனி சொன்னதும் இல்லை. நான் உட்கார்ந்து ஒரு தாள் எழுதினேன். அந்த இரண்டு வரியை எழுதியவள் நான், மீட்டர் பழுதானால் என்ன செய்வது என்று யோசிக்கவே இல்லை என்று என் பெயரோடு கையெழுத்துப் போட்டேன். அதன் ஒரு பிரதியும் வாரியத்துக்குப் போனது.

இரண்டு தாளையும் எடுத்துக்கொண்டு தெருவைத் தாண்டினேன். வழக்கம்போல் அங்கே உட்கார்ந்திருந்த ஓட்டுநர் எழுந்து நின்றார். படித்தார். இரண்டாவது தடவை விரலை வைத்துப் படித்தார். சந்தோஷப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

“இத நான் வீட்டுக்குக் கொண்டுபோய்க் காட்டினா, எங்கயோ டைப் அடிச்சுட்டு வந்துட்டேன்னுதான் சொல்லுவா. நீங்க வர்றீங்களா மேடம்?”

அவர் வீடு ஒரு மாடிப்படியின் கீழ். ஒரு அறை, ஒரு சமையல் மூலை. அவர் மனைவி கதவைத் திறந்தவள் திறந்தபடி நின்றாள். உள்ளே கட்டிலில் அந்தத் தம்பி, இருபத்தைந்து வயதிருக்கும், பொய்க்காலைக் கழற்றிச் சுவரில் சாய்த்துவிட்டு உட்கார்ந்திருந்தான். நான் யார் என்று சொன்னேன். கம்பெனியின் வக்கீலாக இருந்தேன் என்றும் சொன்னேன்.

“கம்பெனி வக்கீல் இவருக்காக எதுக்குப் பேச வர்றீங்க?” என்றாள் அந்தப் பெண். “உங்களுக்கு என்ன வேணும்?”

அவள் இடத்தில் நான் இருந்தால் இதையேதான் கேட்டிருப்பேன், குரலைக்கூட மாற்றியிருக்கமாட்டேன். எனக்கு ஒன்றும் வேண்டாம் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன். அதனால் தாளைப் பிரித்தேன். டைரிக்காரர் எழுதியதை முழுவதும் படித்தேன். என்னுடையதையும் படித்தேன்.  ஓட்டுநர் கதவருகிலேயே நின்றார், தலையைத் தூக்கவில்லை.

தம்பிதான் முதலில் பேசினான். அன்றைக்கு மேலே எவ்வளவு காற்று இருந்தது என்று கேட்டான்.

“தெரியாதுப்பா” என்றேன். “யாரும் அளக்கல.”

அவன் தன் இரண்டு கைகளையும் விரித்துப் பார்த்தான். உள்ளங்கைகளில் குறுக்கே, கயிறு அறுத்துக்கொண்டு ஓடிய தழும்பு இருந்தது.

“எனக்குத் தெரியும்” என்றான். “கயிறு என் கைலதான இருந்துச்சு. ரெண்டு தடவை ஆளையே தூக்கிருச்சு. அவ்வளவு காத்து. ஆனா பேப்பர்ல ஏழுன்னு போட்டிருந்துச்சு. படிச்சவங்க அளந்து எழுதினது தப்பாவா இருக்கும், நம்ம கைக்குத்தான் அப்படித் தோணியிருக்கும்னு விட்டுட்டேன். காத்து இல்லன்னா அப்புறம் மாமாதான்னு…”

 அக்கா வாயைப் புடவைத் தலைப்பால் பொத்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்தது, நான் மறைக்கவில்லை. ஓட்டுநர் போய்க் கட்டிலில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தார். அவன் ஒரு கையை அவர் முன்னால் நீட்டினான். அவர் அதைப் பிடித்துத் திருப்பி, தழும்பை நிதானமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.